பாலினின் பகுதியை இன்னொரு தடவை படி

அன்புள்ள கண்ணுக்கு,

டோனி மாரிசனின் ‘த ப்ளூயஸ்ட் ஐ’ நாவலைப் பற்றி நீ அனுப்பிய ஆய்வு அத்தியாயத்தை முழுக்கப் படித்துவிட்டேன். படித்ததும் போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. வேலையாக இருப்பாய். சரி, எழுதினால் ஆற அமரப் படிப்பாய் என்று எழுதுகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். சின்ன மாமா வீட்டு விஷயம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது.

பெருமையாக இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறவெறி மனசை என்ன செய்கிறது என்று அவ்வளவு ஆழமாகப் பார்த்த மனநல மருத்துவர் ஃபனான், கறுப்புப் பெண்ணைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று 1952-இல் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நீ அந்த இடத்தில் தொடங்குகிறாய். ஃப்ராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வு விட்டுப்போன பாதியை நாவல் எழுதிய பெண்கள்தான் எழுதினார்கள் என்கிறாய். மாரிசனின் நாவலில் வரும் கறுப்புச் சிறுமி பெக்கோலா கடைசியில் தனக்கு நீலக் கண்கள் கிடைத்துவிட்டதாக நம்பி, இல்லாத ஒரு தோழியோடு பேசுகிறாளே, ஒரு மனசு இரண்டாகப் பிளப்பதை நீ விளக்கிய அந்தப் பக்கங்களை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆனால் பெக்கோலாவின் அம்மா பாலினைப் பற்றி எழுதியது எனக்கு ஒப்பவில்லை. குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கும்போது அங்கே தன்னையே பார்க்கிறது என்று குழந்தைகளின் மனசை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் வின்னிகாட் 1967-இல் சொன்னதை எடுத்துக்கொண்டு, மகளுக்குத் தன்னைக் காட்டாத முகம் பாலினுடையது, சேதம் அங்கே தொடங்குகிறது என்று முடித்துவிட்டாய். அவள் வேலை செய்யும் வெள்ளைக்கார வீட்டுச் சமையலறையில், சுடச்சுட பெர்ரிப் பண்டம் காலில் கொட்டி அழும் சொந்த மகளை அடித்துவிட்டு, முதலாளி வீட்டுக் குழந்தையைத் தேற்றுகிறாள். கொடுமைதான். நான் மறுக்கவில்லை. அதற்கு நாலு பக்கம் கொடுத்திருக்கிறாய். அந்தப் பாலினுக்குப் பிறந்த வீட்டில் ஒரு செல்லப்பெயர்கூட இருந்ததில்லை. பதினொரு பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்து, நொண்டுகிற காலோடு வளர்ந்தவள். கர்ப்பமாக இருக்கும்போது சினிமா நடிகை ஜீன் ஹார்லோ மாதிரி தலைவாரிக்கொண்டு படம் பார்க்கப் போனவள், மிட்டாயைக் கடித்து முன்பல்லை இழக்கிறாள். அன்றோடு தன்னை அழகாக்கிக்கொள்வதையே விட்டுவிடுகிறாள். முதன்முதலாக அவளைச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டது அந்த வெள்ளைக்கார வீடுதான். இதெல்லாம் உன் அத்தியாயத்தில் ஒரு பத்தி. அவளைப் பார்த்த முகம் எது கண்ணு? அதை நீ கேட்கவே இல்லை.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணிய அறிஞர் ஹார்டென்ஸ் ஸ்பில்லர்ஸின் 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையை எனக்குப் படிக்கக் கொடுத்ததே நீதான். அடிமைப் பெண் பெற்ற பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியாவில் 1662-லேயே சட்டம் போட்டார்கள். தாயின் வயிறு பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானித்தது. ஆனால் அந்தப் பிள்ளைமேல் அவளுக்கு உரிமை கிடையாது, யாருக்கும் விற்கலாம். அப்பா, அம்மா, பிள்ளை என்று ஃப்ராய்டு வியன்னாவில் பார்த்த வீட்டை அப்படியே தூக்கி இந்த வரலாற்றின்மேல் வைக்க முடியாது. இது உனக்கே தெரியும், அடிக்குறிப்பிலும் போட்டிருக்கிறாய். அப்புறம் ஏன் மேலே எழுதும்போது மறந்தாய்?

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி இரண்டு மணிக்கு மெயில் அனுப்புகிறாய், அது உடம்புக்கு ஆகாது. பாலினின் பகுதியை இன்னொரு தடவை படி.

உன் தலைப்பு பெண்களின் சுயத் தேடல். மகள்களெல்லாம் தேடுகிறார்கள், தாய்மார்கள் மட்டும் கண்ணாடியாக நிற்கிறார்கள். தாயும் பெண்தானே? மாரிசனின் ‘பிலவட்’ நாவலில், அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த தாய் சேத்திக்குத் தன்னிடம் இருந்த ஒரே நல்லது தன் பிள்ளைகள்தான். நீதான் உனக்கு இருப்பதிலேயே நல்லது என்று அவளை நேசிக்கும் பால் டி சொல்லும்போது, ‘நானா? நானா?’ என்று கேட்கிறாள். அத்தனையும் நடந்து முடிந்த பிறகு, அந்த வயதில்தான் அவளுடைய தேடல் தொடங்குகிறது. அவளை நீ எங்கே வைக்கப்போகிறாய்?

நான் யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. நீயும் யாரையும் மனசில் வைத்து எழுதியிருக்கமாட்டாய். நன்றாக எழுதுகிறாய், உன் வயதில் எனக்கு இவ்வளவு தெளிவு இல்லை. ஆனால் எழுதியதை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்தால் படித்தவள் என்ன நினைப்பாள்? சாப்பிட்டாயா என்றாவது கேட்க விடு.

அடுத்த அத்தியாயம் நாவலாசிரியை ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்றாய். 1937-இல் வந்த அவருடைய ‘தெய்ர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலில் கதாநாயகி ஜேனியின் பாட்டி வருகிறாள், அடிமையாகப் பிறந்தவள். பேத்தியாவது பத்திரமாக இருக்கட்டும் என்று நிலமும் வீடும் உள்ள ஒருவனுக்குக் கட்டிவைக்கிறாள். பின்னால் ஜேனி அந்தப் பாட்டியை வெறுக்கிறாள். அவள் வெறுப்பதில் நியாயம் இருக்கிறது. கறுப்புப் பெண்கள் உயர்ந்து நிற்பதைப் பற்றி ஒரு பெரிய பிரசங்கம் செய்ய ஆசைப்பட்டு, ஏறி நிற்க மேடை கிடைக்காதவள் அந்தப் பாட்டி. அதையும் எழுது. அவளை எழுத உட்காருவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணு, இங்கே எந்த நேரமானாலும் சரி.

அம்மா