பழைய இரும்பாகக் கழிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

சாலைப் பணியில் ஓடி ஓய்ந்த பழைய செயின் டிராக்டர்களை (சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் ஓடுபவை) எடைக்குப் போட ஏலம் விடப் போகிறார்கள் என்ற செய்தியைப் படித்தேன். ஓடாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி சரிதான். ஆனால், 1904-ல் கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் நீராவி டிராக்டரின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலிப் பட்டையை மாட்டிப் பார்த்தாரே, அந்த வழியில் வந்த இயந்திரங்கள் இவை. எல்லாவற்றையும் உருக்கிவிட்டால், அவை எப்படி இயங்கின என்பதைப் பின்னால் யாரும் கண்ணால் பார்க்க முடியாது. படம் மட்டும் போதாது.

சிறுவனாக இருந்தபோது சாலை போடும் இடத்தில் மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த டிராக்டர்களின் டீசல் எஞ்சினை நேரே கிளப்ப முடியாது. அதன் பக்கத்திலேயே ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின் இருக்கும். ஓட்டுநர் முதலில் அதைக் கிளப்பிச் சூடேற விடுவார். அப்புறம் ஒரு நெம்புகோலைத் தள்ளிப் பெரிய எஞ்சினோடு இணைப்பார். அது கரும்புகை கக்கி உறுமியதும் தரை அதிர்வது எங்கள் வெறுங்காலில் தெரியும். ஸ்டியரிங் கிடையாது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்து நெம்புகோலை இழுத்து, பிரேக்கை மிதிப்பார். இந்தக் கைப்பழக்கம் எந்தக் கையேட்டிலும் முழுதாக இருக்காது.

எனவே, ஏலத்துக்கு முன் வகைக்கு ஒன்றையாவது ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து பொறியியல் கல்லூரிகளிடமோ அருங்காட்சியகத்திடமோ ஒப்படைக்கலாம். ஓய்வுபெற்ற ஓட்டுநர்களை அழைத்து, அவர்கள் கிளப்பி ஓட்டிக் காட்டுவதைக் காணொளியாகப் பதிவு செய்வதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

— ஒரு வாசகர்