பால் ஊற்றும் பெண்: வெட்டுப்பட்ட படமும் விட்டுப்போன பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்துக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் படத்தை அச்சிட்ட விதம், கட்டுரையின் ஒரு வரி, படக்குறிப்பு மூன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது.

மூல ஓவியத்தின் உயரம் 45.5 செ.மீ., அகலம் 41 செ.மீ. பக்க அகலத்துக்குப் பொருத்துவதற்காக அடிப்பகுதியை வெட்டிவிட்டீர்கள். அதோடு தரையில் இருக்கும் கால் சூடேற்றும் பெட்டி போய்விட்டது. துளையிட்ட மரப்பெட்டி, உள்ளே தணல் போட ஒரு மண்சட்டி. சுவரடியில் பதித்த, வெர்மீரின் ஊரான டெல்ஃப்டின் ஓடுகளும் போயின. அவற்றில் ஒன்றில் வில்லேந்திய மன்மதன் இருக்கிறான். அந்தப் பெண் யாரை நினைத்துப் பால் ஊற்றுகிறாள் என்ற சர்ச்சையே அந்த ஓட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

அச்சில் வெளிச்சத்தைக் கூட்டியதும் தவறு. சுவர் வெள்ளையடித்ததுபோல் ஆகி, அதிலுள்ள ஆணியும் அதன் நிழலும் பிடுங்கிய ஆணிகளின் துளைகளும் மறைந்துவிட்டன. பார்ப்பவருக்கு வலப்பக்கமாக, அவள் உருவத்தின் விளிம்பை ஒட்டி வெர்மீர் இழுத்த மெல்லிய வெள்ளைக் கோடும் சுவரோடு கரைந்துவிட்டது. உருவம் சுவரிலிருந்து விலகி நிற்பதே அந்தக் கோட்டால்தான். இப்படத்துக்கு வெளிச்சத்தை முகத்தையோ நீல ஏப்ரனையோ பார்த்து வைக்கக் கூடாது. ஆணியின் நிழல் தெரிகிறதா என்று பார்த்து வைக்க வேண்டும்.

"கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தார்" என்கிறது கட்டுரை. அப்படி இல்லை. வலது கைக்குச் சற்று மேலே, ஜன்னல் கோடுகள் போய்ச் சேரும் புள்ளியில், ஊசி குத்திய தடம் இருக்கிறது. ஊசியில் நூலைக் கட்டி, சுண்ணம் தடவி, இழுத்துச் சுண்டினால் கோடு விழும். நம் தச்சர்கள் நூல் அடிப்பது போலத்தான். 2022இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் அகச்சிவப்புப் படங்களால் இன்னொன்றையும் காட்டியது. தலைக்குப் பின்னால் ஜாடிகள் தொங்கும் பலகை ஒன்றும், கால் சூடேற்றும் பெட்டி இருக்கும் இடத்தில் பிரம்புக்கூடை போன்ற, தணல் வைக்கும் கணப்புக் கூடையும் முதலில் இருந்தன. இரண்டையும் அவரே பூசி மறைத்திருக்கிறார். வண்ணப்பூச்சுக்கு அடியில், கருப்பு வண்ணத்தில் வேகமாக இழுத்த முதல் வரைவுக் கோடுகளும் தெரிந்தன. ஆக, அந்தச் சுவர் காலியாக இருந்த சுவர் அல்ல, காலி செய்யப்பட்ட சுவர்.

இனி படக்குறிப்பு. "செல்வந்தர் பீட்டர் வான் ரய்வனின் ரசனைக்குச் சான்று" என்று போட்டிருக்கிறீர்கள். ரய்வன் 1657இல் வெர்மீருக்கு 200 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கடன் கொடுத்தவர்தான். ஆனால் 1665 உயிலில் ஓவியருக்கு 500 கில்டர் ஒதுக்கியவர் ரய்வனின் மனைவி மரியா டெ க்நாய்ட். வெர்மீர் தனக்கு முன் இறந்தால் அந்தத் தொகை கிடையாது என்றும் எழுதினார். அதாவது பணம் ஓவியரின் குடும்பத்துக்கு அல்ல, அவருக்கு மட்டும். இதையெல்லாம் வைத்து, ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் 2023 வெர்மீர் கண்காட்சியை ஒட்டி, வெர்மீரின் முக்கியப் புரவலர் மரியாவே என்று அதன் ஆய்வாளர்கள் வாதிட்டனர். எங்களுக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

விற்பனை ரசீது எதுவும் கைக்கு வராததால், இந்த ஓவியம் ரய்வன், மரியா வீட்டில் இருந்தது என்பதைப் பின்னோக்கிப் போய்த்தான் காண வேண்டும். மகள் மக்டலேனா இறந்தபின் 1683இல் எடுத்த சொத்துப் பட்டியலில் 20 வெர்மீர்கள் இருந்தன. சில பெட்டிக்குள் இருந்தன. தூசும் கணப்புப் புகையும் படாமல் காக்க அன்று அப்படிச் செய்வதுண்டு. மருமகன் யாகோப் டிசியஸ் காலமானபின் 1696 மே 16இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் நடந்தது. 21 வெர்மீர்களில் டெல்ஃப்ட் நகரக் காட்சி 200 கில்டருக்கும், இந்தப் பால்காரி 175 கில்டருக்கும் போயின. முழு நகரத்துக்கும் ஒரு சமையலறைக்கும் இடையே வித்தியாசம் 25 கில்டர்தான்!

அடுத்த இணைப்பில் படத்தை முழுதாக, இரண்டு பத்தி அகலத்தில் போட்டாலும் போதும். குறிப்பில் மரியா டெ க்நாய்டின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓவியம் பயிற்றுவிக்கும் இருவர்,
மதுரை.