ஆறு நிமிசம்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு பின்னேரம்

அன்பின் கொக்கு,

நாங்க எல்லாரும் சுகம், நீயும் சுகமா இருப்பாய். ரெண்டு வருசமாப் பதில் போடாததுக்கு என்ன சாட்டுச் சொன்னாலும் நீ நம்பமாட்டாய், அதால ஒண்டும் சொல்லல்ல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வட்ஸப்பில வாழ்த்துப் படம் வந்ததுதானே, அதைக் கணக்கில சேர்த்துக்கொள். சோடாப்புட்டிக்குக் கண் ஒப்பரேசன் முடிஞ்சுது. இப்ப கண்ணாடி இல்லாமத் திரியிறான், அவன்ட முகமே ஆருக்கும் அடையாளம் தெரியல்ல. மனிசிக்கு சீனி கொஞ்சம் கூட. மற்றதெல்லாம் வழமை.

எழுதக் காரணம், பெட்டி கிடைச்சிட்டு.

எந்தப் பெட்டி எண்டு கேட்டாயெண்டா உன்னோட கதை இல்ல. ஃபாதர் நியூ ஓர்லியன்ஸ் போயிட்டு வரக்குள்ள கொண்டு வந்தாரே, பான்ஸர்பிளிட்ஸ், ரெண்டாம் உலக யுத்தத்து ரஷ்யக் களத்து டாங்கிச் சண்டையைப் பலகையில விளையாடுற அந்த விளையாட்டு. அக்காட வீட்டுக்கு ஓடு மாத்தக்குள்ள பரண்ல இருந்து எடுத்தது. பழைய தறப்பாளுக்குள்ள சுத்தி, சணல்கயித்தால கட்டி, ஆரோ பக்குவமா வச்சிருக்காங்க. 1978 சூறாவளித் தண்ணி பட்ட கறை மூடியில அப்பிடியே இருக்கு, பிளேன்ரீ ஊத்தின மாதிரி. மூண்டு பலகையும் இருக்கு. ஒண்டு மட்டும் மடிப்பில பிஞ்சு போச்சு, பின்னால பிளாஸ்டர் ஒட்டினன். களம் போடுற அட்டை பன்னிரண்டில பத்து இருக்கு. காய்தான் குறைவு. குறையிறதுக்கு பிஸ்கட் பெட்டிய வெட்டி, நாலு மூலையிலயும் இலக்கம் எழுதி வச்சிட்டன். சுடுற பலம், எட்டுற தூரம், தாங்குற பலம், ஓடுற கட்டம். கை மறக்கல்ல மச்சான். ஒரு காயைத் தூக்கினதும் அது என்ன துவக்கு, எவ்வளவு தூரம் எட்டும் எண்டு இலக்கத்தைப் பாக்க முதல் விரலுக்குத் தெரியுது.

இப்ப உன்ட விசயத்துக்கு வாறன். நாப்பத்தஞ்சு வருசமா நான் உன்னை அளாப்பி எண்டு சொல்லி வாறன், நீ இல்லையெண்டு நிண்டாய். ஞாபகம் இருக்கா, என்ட பீரங்கி எல்லாம் மேட்டில வரிசையா நிக்கும். நீ ஒரு காட்டுக்க இருந்து வெளிக்கிட்டு, வெட்டவெளியால என்ட மூக்குக்கு முன்னால லொறியெல்லாம் ஓட்டி, அடுத்த காட்டுக்குள்ள போய் நிப்பாய். என்ட முறை வரக்குள்ள நீ காட்டுக்குள்ள. பக்கத்துக் கட்டத்தில என்ட காய் நிண்டாலொழிய காட்டுக்குள்ள நிக்கிற காயைச் சுட ஏலாது. விதியில இருக்கு எண்டு நீ புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவாய். அண்டைக்குப் பலகையைக் கவிட்டுப்போட்டு நான் எழும்பிப் போனதுக்கு ஃபாதர் என்னைத்தான் பேசினார்.

மகன் இன்டர்நெட்டில தேடிச் சொன்னான். உன்ட அந்த ஓட்டத்துக்கு உலகம் முழுக்கப் பேர் இருக்காம். பான்ஸர்புஷ்! 1970 இல ஜேம்ஸ் டன்னிகன் இந்த விளையாட்டை உண்டாக்கி, பால்டிமோரில இருந்த அவலன் ஹில் கொம்பனி வெளியிட்ட நாளில இருந்து அமெரிக்கா முழுக்க அதைச் சொல்லித்தான் சண்டை பிடிச்சிருக்காங்க. 1974 இல அதே கொம்பனி பான்ஸர் லீடர் எண்டு மேற்குக் களத்துக்கு ஒண்டு விட்டுது. அதில திருத்திப்போட்டாங்க. எதிரி வெளியால ஓடக்குள்ளயே, அவன்ட முறை நடந்துகொண்டிருக்கக்குள்ளயே, காத்துக்கொண்டு நிக்கிறவன் சுடலாம். நாங்க இஞ்ச மாமரத்துக்குக் கீழ இருந்து கத்தினதும் பால்டிமோரில திருத்தினதும் ஒரே பிழை மச்சான்! ஃபாதர் இருந்திருந்தா அவருக்கு முன்னால போய் நிண்டிருப்பன். மன்னிப்புக் கேக்க இல்ல, கேக்க வைக்க.

இப்ப ஒவ்வொரு வெள்ளி ராவும் மகனும் நானும் விளையாடுறம். அவனுக்கு இதுல ஒரு பைத்தியம் பிடிச்சிட்டு. 1824 இல பிரஷ்யாவில ரைஸ்விட்ஸ் எண்ட ஒரு ஒபிசர் இதுக்கெல்லாம் முந்தி விதி எழுதிவச்சானாம். அவன்ட அப்பன் அதுக்கு முதலே ராசாவுக்கு இப்பிடி விளையாட ஒரு மேசை செய்து குடுத்தவனாம். அந்த விளையாட்டில நடுவில ஒரு ஆள் இருப்பானாம். உனக்கு எவ்வளவு தெரியக்கூடுமோ அவ்வளவைத்தான் உனக்குச் சொல்லுவானாம். எங்கட பலகையில எல்லாக் காயும் எல்லாருக்கும் தெரியும். அது குறைதான் எண்டு மகன் பெரிசா விளக்கிக்கொண்டிருந்தான்.

அக்கா குசினி வாசல்ல இருந்து இறால் உடைச்சுக்கொண்டிருந்தா. தலையை நிமித்தாமலே சொன்னா: "அவன் எங்க நிக்கிறான் எண்டு தெரிஞ்சா நாங்க ஏன்டா மனே ஓடின?"

உனக்குத் தெரியும், எங்கட அக்கா விளையாட்டெண்டா அடுப்புக்க போடுற ஆள். உன்ட கரம் போர்டை விறகாக்கினது ஆர்? அதால நான் பெட்டிய எடுத்த நாளில இருந்து பயந்துகொண்டுதான் இருந்தன். ஆனா அண்டைக்கு கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்திட்டா. கேள்வி தொடங்கிட்டு.

"இந்த ஒரு கட்டம் எவ்வளவு தூரம்?"

இருநூற்றைம்பது மீட்டர் எண்டு மகன் சொன்னான். கல்லடிப் பாலம் ஒரு கட்டத்தை விடக் கொஞ்சம் கூட எண்டும் சொன்னான்.

"ஒரு முறை விளையாடுறது எவ்வளவு நேரம்?"

"ஆறு நிமிசம் மாமி. விளையாட அரை மணித்தியாலம் எடுக்கும், ஆனா சண்டையில ஆறு நிமிசம்."

"இந்த நடந்து போற ஆக்கள் எத்தின கட்டம் போவாங்க?"

"ஒண்டு."

அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. மறுகா சொன்னா: "ஆறு நிமிசத்துக்கு ஒரு பாலம்? ரெண்டு புள்ளையளையும் தூக்கிக்கொண்டு நான் அதைவிடச் சுறுக்காப் போனன்."

மகன் விளங்காம, "இல்ல மாமி, அவங்க ஆயுதம் சுமந்துகொண்டு, பாத்துப் பாத்துப் போகோணும்" எண்டான்.

"நானும் பாத்துப் பாத்துத்தான் போன" எண்டா அக்கா.

1990 ஆனி மாதம், சண்டை திரும்பத் தொடங்கின நேரம். தோணியில வாவிக்கு அங்கால படுவான்கரைக்குப் போனது உனக்குத் தெரியும், நீ அதுக்கு முதலே கொழும்பு போயிட்டாய். அந்தக் கதையை அவ ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்ல. அண்டைக்கும் அந்த ஒரு வரியோட சரி.

மறுகா நடந்ததை நீ நம்பமாட்டாய். அவவும் விளையாட வெளிக்கிட்டா. குதிரை வண்டில் காய் இருக்கெல்லா, நாங்க ஒருநாளும் எடுக்காத குப்பைக் காய், அதைத்தான் முதல்ல தூக்கினா. டாங்கியைத் தொடவே இல்ல. வண்டிலில ஏத்தக்கூடிய எல்லாரையும் ஏத்தி, ரோட்டை விட்டு, மேட்டுக்குப் பின்பக்கத்தால சுத்திச் சுத்திக் கொண்டுபோய், பலகையின்ட ஓரத்தால வெளியில எடுத்து மடியில வச்சுக்கொண்டா. நான் மிச்சம் இருந்த டாங்கியெல்லாத்தையும் அடிச்சு நொறுக்கினன். மகன் புள்ளி கூட்டிப்பாத்து, மாமி தோத்திட்டீங்க எண்டான். அவ மடியில இருந்ததை எண்ணிக்கொண்டிருந்தா. சொன்னா சிரிப்பாய், எனக்கு உண்மையாக் கோவம் வந்தது மச்சான். விளையாட்டைக் கெடுக்கிறா எண்டு. அறுபத்தெட்டு வயசு மனிசியோட நான், இந்த வயசில, குழந்தைப்புள்ள மாதிரி முகத்தைத் தூக்கிவச்சுக்கொண்டு இருந்தன்.

இதுவரைக்கும் பகிடி. இனி எழுதப்போறதை நீ ஆருக்கும் காட்டாத.

போன கிழமை மகன் ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து மேசையில விரிச்சான். ஊரின்ட சட்டிலைட் படத்தைப் பிரிண்ட் அடிச்சு, மேல தேன்கூடு மாதிரிக் கட்டம் கீறியிருக்கான். வாவி, கல்லடி, பாலம், டவுன், கோட்டை, அங்கால படுவான்கரை வயல். ஒவ்வொரு கட்டமும் சரியா இருநூற்றைம்பது மீட்டர். தென்னந்தோப்புக்குக் காடு, வீடு நெருக்கமான இடத்துக்கு ஊர், வாவிக்குள்ள ஓட ஏலாது. ரஷ்யாவில ஆருக்கோ நடந்ததை விளையாடுறம், எங்கட இடத்தை ஏன் விளையாட ஏலாது எண்டு கேக்கிறான். அவனுக்கு இருபத்திமூண்டு வயசு. அவன் கேக்கிறதில பிழை எண்டு சட்டெண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. ரஷ்யாவில குர்ஸ்க் சண்டையில ஓடின தாய்மாரும் பிள்ளை தூக்கித்தானே ஓடியிருப்பாங்க. அதை நாங்க பதினஞ்சு வயசில கச்சான் கொறிச்சுக்கொண்டு விளையாடினம்.

ஆனா என்ட கவலை அவன்ட கேள்வி இல்ல. தாளைக் கண்டதும் என்ட கண் எங்க போனது தெரியுமா? பாலத்தின்ட டவுன் பக்கத்து வாய்க்கு. அதில ஒரு நல்ல பீரங்கிக் காயை வச்சாக் காணும், கல்லடிப் பக்கத்தால ஒரு காக்கா வர ஏலாது. மறைப்பு ஒண்டும் இல்லாத நேர் கோடு. நான் அதை நினைச்சு சந்தோசப்பட்டன் கொக்கு. வாயால சொல்லியும் போட்டன், "இதுதான் சாவி" எண்டு. அதே வாயிலதான் நீயும் நானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு, வெயிலுக்க செக்பொயின்ட் வரிசையில நிண்ட. எங்கட கூட்டாளி ரேடியோவை அண்டைக்கு இறக்கி எடுத்ததும் அதே வாயிலதான். அது ஞாபகம் வந்தது மறுகாத்தான், ஒரு அரை நிமிசம் பிந்தி. அந்த அரை நிமிசம்தான் என்னை நித்திரை கொள்ள விடுதில்ல.

அக்கா வந்து எட்டிப் பாத்தா. "எங்கட வீடு எது?" எண்டு கேட்டா. மகன் விரலை வச்சுக் காட்டினான். அந்தக் கட்டத்துக்கு அவன் மண்ணிறம் தீட்டியிருந்தான். அக்கா தன்ட விரலை அதில வச்சு, மெல்ல வாவிக்குக் கிட்ட இழுத்து, கரையில நிப்பாட்டினா. "இதில மரம் நிண்டது, கீற மறந்திட்டாய்" எண்டு சொல்லிப்போட்டு மீன் பொரிக்கப் போயிட்டா. பேசல்ல, கிழிக்கல்ல. கிழிச்சிருந்தா எனக்கு லேசு.

மகன் அண்டு ராவே மரத்தைக் கீறிட்டான். நான் விடிய எழும்பி தாளைச் சுருட்டி அரிசிச் சாக்குக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கன். ரெண்டு தரம் கேட்டுட்டான். எலி கொண்டுபோயிருக்கும் எண்டன். அவன் என்னைப் பாத்த பார்வையைப் பாத்தா நம்பின மாதிரித் தெரியல்ல. குடுக்கவா, விடவா? நீ தூரத்தில இருக்கிறாய், உனக்கு நேராத் தெரியும். வட்ஸப்பில ஒரு சொல்லில பதில் போடாம, இருந்து யோசிச்சு எழுது.

வஸ்ஸல் எண்டு ஒண்டு இருக்கு, காசில்ல. கம்பியூட்டரில போட்டுக்கொண்டா நீ டொரன்டோவில இருந்தும் நான் இஞ்ச இருந்தும் பான்ஸர் லீடர் விளையாடலாமாம். மகன் போட்டுத் தந்திருக்கான். உன்ட பேரப்பிள்ளையளிட்டக் கேட்டு நீயும் போடு. எனக்கு விடியக்குள்ள உனக்குப் பின்னேரம், நேரம் சரியா வரும். காட்டுக்குக் காடு ஓடிப்பார் இனி, சுட்டுத்தள்ளுவன்.

இன்னுமொண்டு. டி-34 டாங்கிக் காய் ஒண்டு குறையுது. மூலை கடிச்ச காய். நீ பிளேன் ஏறின அண்டைக்கு உன்ட சேட்டுப் பொக்கற்றில இருந்தது எண்டு அக்கா இப்ப சொல்றா, அவ கண்டவவாம். விசாரணை ஒண்டும் வைக்கமாட்டம். கவருக்குள்ள போட்டு அனுப்பு.

உன்ட,
ஆமை