அந்த நாலு வரிக்குப் பதில்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளின் புது வேலை, உன் முழங்கால் வலி, உன் வீட்டுக்காரரின் சர்க்கரை நோய் என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, கடைசியில் அவசரமாக நாலு வரி எழுதியிருக்கிறாய். நானும் அவரும் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருக்கிறோம் என்று. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எங்களுக்கும் அப்படி இரண்டு வருடம் போனது. உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. மாதவிடாய் நின்றதிலிருந்து உறவின்போது எனக்கு எரிச்சலும் வலியும். சொல்ல வெட்கமாக இருந்தது. என் வீட்டுக்காரர் கை மேலே பட்டாலே தூங்குவது போலத் திரும்பிப் படுத்துவிடுவேன். தன்னை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். பிறகு அவர் நெருங்குவதை நிறுத்தியதும், என் மேல் ஆசை விட்டுப்போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் விளக்கை அணைத்த பிறகு, முகம் தெரியாத தைரியத்தில், "எனக்கு வலிக்கிறது, அதனால்தான்" என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தனை நாள் தெரியாமல் உன்னை வலிக்க வைத்திருக்கிறேனே" என்றார். அன்று இரண்டு பேருமே அழுதோம்.

மறுவாரம் மகப்பேறு மருத்துவரிடம் போனோம். ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது பெண்ணுறுப்பின் உட்சுவர் மெலிந்து உலர்ந்துபோகுமாம். உடம்பு திடீரென்று சூடாகிற தொல்லை பலருக்கும் நாளடைவில் அடங்கிவிடும். ஆனால் இந்த உலர்வு கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் தானாகச் சரியாகாது. உறவின்போது தடவிக்கொள்ள ஒரு ஜெல்லும், உள்ளே வைக்கக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜென் கிரீமும் கொடுத்தார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அந்த கிரீமைத் தொடும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எனக்குச் சில வாரங்களில் வலி குறைந்தது.

வலி போனாலும் ஆசை உடனே வந்துவிடவில்லை. அது என்னை மிகவும் பயமுறுத்தியது. ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் 2000-இல் எழுதிய ஒரு கருத்தைப் படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. நீண்ட காலம் சேர்ந்து வாழும் பெண்கள் பலருக்கு ஆசை முதலில் வருவதில்லை. நெருக்கமும் தொடுதலும் முதலில், உடம்பு இளகுவது அடுத்து, ஆசை அதற்கும் பிறகு. நானோ பழைய மாதிரி ஆசை வரட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். இதற்காக மனமில்லாமல் இணங்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த நிமிடத்திலும் "இன்று வேண்டாம்" என்று நிறுத்தலாம், அவர் முகம் வாடாது என்று தெரிந்ததால்தான் எனக்குத் தொடங்கவே மனம் வந்தது.

மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் 1970-இல் விளக்கிய ஒரு பயிற்சியையும் செய்தோம். சில வாரங்களுக்கு உடலுறவே கிடையாது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். மாற்றி மாற்றித் தொடுவது மட்டும்தான். ஆரம்பத்தில் மார்பும் பிறப்புறுப்பும்கூடக் கூடாது. எங்கே போய் முடியுமோ என்ற பயம் இல்லாததால் என் முதுகில் அவர் விரல் போவதை அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன்.

சரி, உன் வீட்டுக்காரர் விஷயம். அவர் ஒதுங்குவதற்கு நீ காரணம் என்று நீயாகவே முடிவு செய்யாதே. சர்க்கரை நோய் நரம்பையும் ரத்தக் குழாயையும் பாதிப்பதால் விறைப்பு குறையலாம். ஆணுறுப்பின் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. அதனால் இதய நோயின் அறிகுறி சில சமயம் பல வருடம் முன்பே இங்கே தெரிந்துவிடும். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லி இதயத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். தானாகக் கடையில் விறைப்புக்கான மாத்திரை வாங்க விடாதே. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் சில்டெனாஃபில் என்ற அந்த வகை மாத்திரையைப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையைக் குறைப்பதுண்டு. அவற்றையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

அப்புறம் உன் முழங்கால். ஒருக்களித்துப் படுத்து, கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துப் பார். எனக்கு இடுப்பு வலி வந்தபோது அதுதான் உதவியது. அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடுத்துவிடு. எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்புடன்,
உன் தோழி