பதிவேட்டில் என் கையெழுத்து

மதுரை
பிப்ரவரி 16

அன்புள்ள ஸ்டெல்லா,

நவம்பரில் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. முழங்கால் எப்படி இருக்கிறது? பேரன் நடக்கிறானா? என் சர்க்கரை அப்படியேதான்; மாத்திரை மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. பன்னீர் சோடா வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, நம் இருவர் பேரிலும் மொய் அனுப்பிவிட்டேன். உன் பங்கு 250 ரூபாய் பாக்கி.

இத்தனை நாள் எழுதாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. என் வீட்டு மாடி அறையில் ஒரு பெண் இருக்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பம். போனில் சொல்லலாம் என்றால் உன் மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள்.

டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று தொடங்கியது. எங்கள் பங்குத் தந்தை சின்னப் பையன், நாம் பிரசவம் பார்த்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். “அம்மா, நீங்கள் கிராம நர்சாக இருந்தவர்கள். கருவில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பூசை முடிந்ததும் பத்து நிமிடம் பேசுங்கள். தலைப்பு, உயிருக்குச் சாட்சி” என்றார். என் கையில் மைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். பயிற்சிப் பள்ளி விடைபெறு விழாவை நினைத்து நீ இப்போது சிரிக்கிறாய், தெரியும்.

மண்டபத்து வாசலில் ஒரு தட்டி கட்டியிருந்தார்கள். இரத்தம் வடியும் படம், கீழே கொட்டை எழுத்தில் ‘தாயே, நீ கொலைகாரியா?’. எனக்குச் சுருக்கென்றது. தாய் ஒருத்திதானா? மாமியார், புருஷன், பணம் வாங்கிக்கொண்டு ஸ்கேனில் பார்த்ததைச் சொன்னவன், சீர்ப் பட்டியல் நீட்டிய சம்பந்தி, இவர்களுக்கெல்லாம் தட்டி கிடையாதா? கழற்றினால்தான் பேசுவேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள்.

கருக்கலைப்பு பற்றிய 1971 சட்டம், 2021இல் சில வகைப் பெண்களுக்கு 20 வாரத்தை 24 ஆக்கிய திருத்தம், பாலினம் சொல்வதைக் குற்றமாக்கிய 1994 சட்டம் என்று ஒழுங்காகத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மைக் முன்னால் நின்றதும் தாளைப் பிரிக்கவே இல்லை. அந்தப் பதிவேட்டைப் பற்றிப் பேசிவிட்டேன்.

ஆமாம், அதைத்தான். இத்தனை வருடமாக நீயும் நானும் நமக்குள்கூடப் பேசிக்கொள்ளாததை.

செக்கானூரணி தாண்டி அந்த வீடு. 1987. மூன்றாவதும் பெண். நான் பிரசவம் பார்த்தேன், நீ எடை போட்டாய், 2 கிலோ 800. என்ன அழுகை! உன் பாட்டுக் குரலையே தோற்கடித்துவிட்டது என்றேன். நான்காம் நாள் போனபோது வாசல் கழுவியிருந்தது. “பாலே குடிக்கவில்லை நர்சம்மா, வலிப்பு கண்டுவிட்டது” என்றாள் கிழவி. தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கொல்லையில் எருக்கஞ்செடியில் ஒரு கிளை ஒடிந்து, ஒடிந்த இடத்தில் அந்த விஷப் பால் காய்ந்திருந்தது. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். பதிவேட்டில் ‘வலிப்பு’ என்று இருக்கிறது, என் கையெழுத்தில்.

பஸ் வரும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நான்தான் நியாயம் சொன்னேன்: உண்மையை எழுதினால் ஊருக்குள் விடமாட்டார்கள், நாளைக்குத் தடுப்பூசிக்கு எந்தக் கதவும் திறக்காது, அந்தத் தாயைத்தான் முதலில் இழுத்துக்கொண்டு போவார்கள். ஒன்றுகூடப் பொய் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விவிலியத்தில் சிப்ரா, பூவா என்று இரண்டு மருத்துவச்சிகள் வருவார்களே. எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், ‘நாங்கள் போவதற்குள் அந்தப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள்’ என்று கூசாமல் பொய் சொன்னவர்கள். பயிற்சிப் பள்ளியில் சிஸ்டர் நம் இருவருக்கும் அந்தப் பெயர்களைத்தான் வைத்திருந்தார். அவர்கள் பிள்ளை பிழைக்கப் பொய் சொன்னார்கள். நாம் செத்த பிள்ளைக்குப் பொய் எழுதினோம். சாட்சியைப் பற்றிப் பேச வந்தவள் பொய்ச்சாட்சி எழுதியவள் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே.

இன்னொன்றும் சொன்னேன், சிலருக்குப் பிடிக்கவில்லை. 1986இல் அந்த ஆங்கிலப் பத்திரிகையில் பெண் சிசுக்கொலை பற்றி வந்ததிலிருந்து உசிலம்பட்டி என்றாலே நாடு முழுக்க ஒரு மாதிரி பார்த்தார்கள். வேண்டாத பெண் குழந்தைகளைக் கொல்லாமல் போட்டுவிட்டுப் போக 1992இல் அரசு சேலத்தில் தொட்டில் வைத்தது, பிறகு நம் பக்கமும் வந்தது. எல்லாம் சரி. ஆனால் கிழவி எருக்கம்பாலால் செய்ததை நகரத்தில் படித்தவர்கள் ஸ்கேன் மிஷின் வைத்துக் கருவிலேயே செய்தார்கள். இரத்தக்கறை இல்லை, ஊர்ப்பெயர் கெடவில்லை. அப்படிச் செய்தவர்கள் ஞாயிறு பூசைக்கும் வந்தார்கள், நம் பக்கத்தில் முட்டி போட்டார்கள். கிராமத்தை மட்டும் திட்டிக்கொண்டிருப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

பேசி முடித்து இறங்கினேன். கைதட்டல் இல்லை. செருப்பு மாட்டும்போது பாடகர் குழுவில் பாடுகிற ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயது, கல்லூரியில் கடைசி வருடம். “ஆன்ட்டி, பதின்மூன்று வாரம்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. பையன் திருப்பூரில் வேலை என்று போனவன், போனை எடுப்பதில்லை.

நான் பயமுறுத்தவில்லை ஸ்டெல்லா. சட்டம் உனக்கு என்ன அனுமதிக்கிறது என்பதை நர்சாகச் சொன்னேன். அந்தப் பிள்ளையை நான் என்னவாக நினைக்கிறேன் என்பதையும் சொன்னேன், அதை மறைத்தால் அது இன்னொரு ‘வலிப்பு’. நீ எதை முடிவு செய்தாலும் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்றேன். மூன்று நாள் கழித்துப் பையோடு வந்தாள். அவள் அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்கு ஹாஸ்டல் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பங்கின் பக்தி வெளியே வந்தது. பாடல் பயிற்சியில் வாந்தி எடுத்தாள், விஷயம் தெருவுக்குத் தெரு கூடி ஜெபிக்கிற அன்பியக் குழுக்கள் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. ‘கொஞ்ச நாள் ஓய்வெடு’ என்று குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிள்ளை வேண்டும், பெற்றவள் வேண்டாம்! கலைத்திருந்தால் யாருக்கும் தெரியாமல் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்திருப்பாள். இதைப் பங்குத் தந்தையிடம் இப்படியே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரமும் அவள் பாடவில்லை. தட்டி கட்டிய பையன்கள் பரவாயில்லை, ஒருவன் மாதுளம்பழம் வாங்கி வந்து மாடிப்படியில் வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

பங்கின் பக்த சபையான மரியாயின் சேனையில் ஓர் அம்மா ரகசியமாக வந்து, “பிள்ளை இல்லாத நல்ல குடும்பம் இருக்கிறது, பிறந்ததும் கையோடு கொடுத்துவிடலாம்” என்றார். வந்ததே எனக்குக் கோபம். கொடுப்பதென்றால் குழந்தைகள் நலக் குழு முன்னால் ஒப்படைக்க வேண்டும், தாய் மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் உண்டு, கையோடு கொடுக்க அது என்ன கத்தரிக்காயா என்று கேட்டுவிட்டேன். கொடுப்பாளா, வளர்ப்பாளா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்பதில்லை. போன வாரம் முதல் அசைவு தெரிந்ததாம், தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். தோசை கருகியது.

கர்ப்பத்தைப் பதிவு செய்ய அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கணவர் பெயர் என்ன என்று அங்கிருந்தவர் மூன்று தடவை உரக்கக் கேட்டார். நான் என் பழைய தொழில் குரலை எடுத்தேன், உனக்குத் தெரியும் அந்தக் குரல். உடனே பதிவு எண் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்பாய். என் மகனும் கேட்டான். இராத்திரி எனக்கும் ஒரு சந்தேகம் வருகிறது: இவளுக்காகச் செய்கிறேனா, அந்த 2 கிலோ 800க்குக் கணக்குத் தீர்க்கப் பார்க்கிறேனா? இரண்டாவது என்றால் அது இவளுக்குச் செய்கிற அநியாயம். இதைக் கேட்க உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் கொல்லையில் நின்றவள் நீ ஒருத்திதான். ஒரு வரியாவது எழுது.

பிரசவத்துக்கு ஜூலை 5 தேதி கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் வந்து இருக்க முடியுமா? முழங்காலுக்காகக் கீழ் அறையில் கட்டில் போட்டு வைக்கிறேன். உன் வீட்டில் பழைய வேட்டி இருந்தால் எடுத்து வா. கிழிக்காமல் கொண்டு வா, நீ எப்போதும் துணியைச் சின்னதாகக் கிழிப்பாய்.

உன்
பிலோமினா