சுவரைக் கழுவப் போகிறார்களாம்

அன்புள்ள பாலு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? லட்சுமிக்கு முழங்கால் வலி குறைந்ததா? பையனுக்கு வேலை கிடைத்த செய்தி தங்கராசு சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? சரி, அதற்கு நேரில் வந்து உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்.

இப்போது அவசரம் வேறு. இங்கே இங்கிலாந்தில் எங்கள் தெருமுனையில், சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல் சுவர் இருக்கிறது. பாசியும் லைக்கனும் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் படலம்) படிந்து அசிங்கமாக இருக்கிறது என்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவப் போகிறார்களாம். அந்தப் பாசியைத் தின்று ஒரு கூட்டமே அங்கே வாழ்கிறதடா!

மரவட்டைதான். ஆனால் நாம் தொட்டுச் சுருளவைத்த ரயில் பூச்சி இல்லை. வளர்ந்த பிறகும் 2, 3 மில்லிமீட்டர்தான். பாலிசீனிடே குடும்பம்; இங்கிலாந்தில் இருப்பது பாலிசீனஸ் லகூரஸ். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758-லேயே இதற்குப் பெயர் வைத்தார், ஆனால் பூரான்களோடு சேர்த்துவிட்டார். பிறக்கும்போது 3 ஜோடிக் கால், தோலுரித்துத் தோலுரித்து 13 ஜோடி ஆகும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் வரிசையாக முள்மயிர், வால் பக்கம் வெள்ளையாகக் குஞ்சம்.

மற்ற மரவட்டைகளுக்கு இருக்கிற சுண்ணாம்பு ஓடு இதற்கு இல்லை, நாற்றமடிக்கும் நீரும் இல்லை. அந்தக் குஞ்சம்தான் ஆயுதம். ஃப்ளோரிடாவில் இருக்கும் இதன் சொந்தக்காரன் பாலிசீனஸ் ஃபாசிகுலேட்டஸை வைத்து பூச்சி ஆராய்ச்சியாளர் தாமஸ் ஐஸ்னரின் குழு 1996-ல் இதை எழுதியது. எறும்பு கிட்டே வந்தால் வாலைத் திருப்பி அதன்மேல் ஒரு தேய்ப்பு. நுனியில் கொக்கி வைத்த மயிர்கள் கழன்று எறும்பின் ரோமத்தில் மாட்டிக்கொள்ளும். எறும்பு துடைத்துப் போடப் பார்க்கும். துடைக்கத் துடைக்க மயிர்கள் ஒன்றோடொன்று பின்னி, காலும் வாயும் கட்டுப்பட்டுவிடும். மரவட்டை அதற்குள் நடையைக் கட்டிவிடும்.

ஃபின்லாந்தில் இந்த லகூரஸில் ஆண்களே இல்லாமல் பெண்கள் மட்டுமாகவே வம்சம் நடக்கிறது. ஆண் இருக்கும் இடங்களிலும் இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. ஆண் நூல் பின்னி அதில் விந்துத் துளியை வைத்துவிட்டுப் போகும், பெண் வந்து எடுத்துக்கொள்ளும். முட்டையிட்டதும் தாய் தன் வால்மயிரைக் கழற்றி முட்டைகளைப் போர்த்துகிறது. பாலு, இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரே காலையில் கழுவி முடித்துவிடுவார்கள். லைக்கன் இதே அளவுக்குத் திரும்ப வளர எத்தனையோ வருஷம் ஆகும்.

ஹாஸ்டல் தண்ணீர்த்தொட்டி மனுவில் வார்டனையே கையெழுத்துப் போடவைத்தவன் நீ. எனக்கும் ஒரு மனு எழுதிக் கொடு. கல்வெட்டு இருக்கிற பக்கத்தை மட்டும் பிரஷ்ஷால் தேய்க்கட்டும், வடக்குப் பக்கத்தைத் தொட வேண்டாம், அவ்வளவுதான் கேட்கிறோம். கெஞ்சாமல் எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடு, நான் இங்கே ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
குமரேசன்