அரவேணு ஷெட்டில் நிற்கும் ரேவாவை வாங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள ரமேஷ் தம்பிக்கு,

கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணு எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் 2005 மாடல் ரேவா எலெக்ட்ரிக் காரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். அதைச் செய்த கம்பெனி என்ன ஆனது? வாங்கினால் கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஓட்டலாமா? இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கம்பெனியிலிருந்தே தொடங்குகிறேன்.

ரேவா எலெக்ட்ரிக் கார் கம்பெனி 1994-ல் பெங்களூரில் தொடங்கியது. மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் சேர்ந்து போட்ட கூட்டு. முன்னால் நின்றவர் சேத்தன் மைனி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சூரிய சக்தி கார் கட்டிய மாணவர் அணியில் இருந்தவர். அந்த அணி 1990-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய பந்தயத்தை ஜெயித்துவிட்டு, ஆஸ்திரேலியப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. (அமெரிகான் பிற்பாடு குளிரும் சூடும் தரும் கார் சீட்டுகளில் பெயர் வாங்கியது. இன்றைக்கு அதன் பெயர் ஜென்தெர்ம்.)

கார் விற்பனைக்கு வந்தது 2001-ல். இரும்புச் சட்டம், மேலே ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாடி, 2.64 மீட்டர் நீளம், இரண்டு கதவு, பின்னால் பிள்ளைகள் உட்காரும் அளவுக்கு இடம். முன் சீட்டுகளுக்கு அடியில் எட்டு ஈய-அமில பேட்டரிகள். ஒவ்வொன்றும் 6 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. மொத்தம் 48 வோல்ட், கணக்குப்படி 9.6 யூனிட். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் 8 மணி நேரத்தில் முழுசாக ஏறும். ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ. என்றார்கள். சமதளத்தில், நிதானமாக ஓட்டினால் அது பொய்யில்லை. காலையில் ஆபீஸ், மாலையில் வீடு, இரவில் பிளக் என்று ஊர் எல்லைக்குள் சுற்ற அளவெடுத்த வண்டி அது.

அதே அளவுதான் 2004-ல் லண்டனில் கைகொடுத்தது. ஜி-விஸ் என்ற பெயரில் அங்கே விற்றார்கள். நகர மையத்தில் நுழைய மற்ற கார்கள் கட்டிய நெரிசல் கட்டணம் அப்போது இதற்கு இல்லை. அன்றைய ஐரோப்பிய விதிப்படி இது காரே அல்ல, குவாட்ரிசைக்கிள் என்ற இலகுவான நாலு சக்கர வண்டி வகை: பேட்டரியைக் கழித்து 400 கிலோவுக்குள், 15 கிலோவாட்டுக்குள். அந்த வகைக்குக் காருக்கு உரிய மோதல் சோதனை கிடையாது. 2007-ல் தனியாக மோதிப் பார்த்தபோது முடிவு மோசமாக வந்து, பெயர் கெட்டது.

2006 டிசம்பரில் இரண்டு அமெரிக்க முதலீட்டு நிறுவனங்கள் 2 கோடி டாலர் போட்டன. 2007-ல் டி.சி. மோட்டாரை எடுத்துவிட்டு ஏ.சி. இண்டக்ஷன் மோட்டார் வைத்தார்கள். 2009 ஜனவரியில் லித்தியம் மாடல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து எலெக்ட்ரிக் ஸ்பார்க் செய்வதாக அறிவித்தார்கள். 2010 மே மாதம் மஹிந்திரா 55.2 சதவீதப் பங்கை வாங்கியதும் அந்த ஒப்பந்தம் முடிந்துபோனது.

மஹிந்திரா ரேவா என்று பெயர் மாறிய கம்பெனியின் புது எலெக்ட்ரிக் கார் இ2ஓ 2013 மார்ச்சில் வந்தது. காலம் சரியில்லை: மத்திய அரசின் முதல் மானியத் திட்டம் 2012 மார்ச்சோடு முடிந்துவிட்டது, அடுத்தது வந்தது 2015 ஏப்ரலில்தான். நடுவில் மானியம் இல்லாமல் இரண்டு கதவு வண்டிக்குப் பெட்ரோல் காரை மிஞ்சிய விலை கேட்டால் யார் வாங்குவார்கள்? 2016 அக்டோபரில் நாலு கதவோடு இ2ஓ பிளஸ் வந்தது, கம்பெனியும் மஹிந்திரா எலெக்ட்ரிக் என்று பெயர் மாறியது. அந்தக் காரையும் 2019-ல் நிறுத்திவிட்டார்கள். பிறகு எலெக்ட்ரிக் ஆட்டோவில்தான் கை ஓங்கியது. காருக்கென்று 2022-ல் தனி நிறுவனம் வைத்து, 2024 நவம்பரில் சென்னையில் பி.இ. 6 காரை இறக்கினார்கள். அதன் பெரிய பேட்டரி 79 யூனிட், எட்டு ரேவாவுக்குச் சமம். ஆக, கம்பெனி செத்துவிடவில்லை, பெரிய வீட்டுக்குள் கரைந்துவிட்டது.

இனி உங்கள் மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ., ஏற்றம் சுமார் 1,450 மீட்டர். வண்டி 745 கிலோ, இரண்டு ஆள் சேர்த்தால் 900. அதை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் மூன்றரை யூனிட். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் ஒன்றே கால். மோட்டார், அதற்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர், கியர் இவற்றில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஆறேகால் யூனிட் வேண்டும்.

9.6 இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஈய-அமில பேட்டரி மெதுவாக இறக்கினால்தான் முழுசாகக் கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் உறிஞ்சினால் 60, 65 சதவீதம், அதாவது ஆறு யூனிட் தேறும். போதாததற்குக் குளிர்: 27 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் ஒரு சதவீதம் குறையும். ஜனவரி விடியலில் ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். புதுப் பேட்டரி போட்ட வண்டியே அரவேணு தாண்டத் திணறும். இரண்டு மழைக்காலமாக ஷெட்டில் நின்ற பேட்டரிக்கு, வழியில் அதற்கும் முன்னால் வரும் குஞ்சப்பனையே அதிகம்.

மோட்டாரும் தாங்காது. 2005 மாடலில் இருப்பது தொடர்ச்சியாக 4.8 கிலோவாட் தரும் டி.சி. மோட்டார். 13 கிலோவாட் என்று போட்டிருப்பது சில நொடி உச்சத்துக்கு. 30 கி.மீ. வேகத்தில் சராசரி ஏற்றத்துக்கே நாலேகால் கிலோவாட் போய்விடும். ஒன்பது சதவீதச் சரிவு வந்தால் ஏழரை, பேட்டரியிலிருந்து 200 ஆம்பியருக்கு மேல். அப்படியே பத்து நிமிடம் இழுத்தால் மோட்டாருக்குள் சுழலும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கறுக்கும், அதில் உரசும் கார்பன் பிரஷ் தேயும், கன்ட்ரோலர் சூடாகித் தானே பவரைக் குறைக்கும். பின்னால் பஸ் நிற்க, கொண்டை ஊசி வளைவில் நடை வேகத்தில் ஊர்வீர்கள்.

இறக்கம் இதைவிடக் கவனிக்க வேண்டியது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு கோத்தகிரியிலிருந்து இறங்கினால் ரீஜென் பிரேக் (மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரியை ஏற்றுவது) வேலை செய்ய இடமில்லை; நிறைந்த பேட்டரி கரண்டை வாங்காது. பெட்ரோல் காரில் கியரைக் குறைத்தால் கிடைக்கும் இழுவையும் இதில் கிடையாது. அந்த மூன்றரை யூனிட்டில் உராய்வும் காற்றும் தின்றது போக மிஞ்சும் இரண்டு யூனிட்டுக்கு மேற்பட்ட சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாகும், வாட்டர் ஹீட்டர் ராடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எரிந்தது போல. பழைய ரேவாவில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், சூடேறினால் பிடிப்பு தளரும். மலையிலிருந்து இறங்கும் எந்த எலெக்ட்ரிக் வண்டியையும் 80 சதவீதத்தில் பிளக்கிலிருந்து எடுங்கள். புதுக் காருக்கும் இதே பாடம்தான்.

"லித்தியம் மாற்றிக்கொள்ளலாமே" என்று யாராவது சொல்வார்கள். 3.2 வோல்ட் செல் 16 வரிசையாகப் போட்டால் 51.2 வோல்ட், எடையும் பாதிக்கு மேல் குறையும். ஆனால் அந்த செட்டின் உச்சம் 58.4 வோல்ட். ஈய-அமிலத்துக்காகச் செய்த பழைய சார்ஜர், செல்களைச் சமப்படுத்தும் கட்டத்தில் 60-ஐத் தாண்டும். அதனால் சார்ஜரையும் மாற்ற வேண்டும். இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள்: இறக்கத்தில் ரீஜென் வோல்டேஜை ஏற்றினால், லித்தியம் செட்டைக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் பேட்டரியைத் துண்டித்துவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே. பிரேக்கில் கிடைத்துக்கொண்டிருந்த உதவி சட்டென்று போய்விடும், கன்ட்ரோலரும் அடிபடலாம். வண்டியின் சொந்த எனர்ஜி மேனேஜ்மென்ட் பெட்டிக்குப் புதுப் பேட்டரியின் கணக்கும் புரியாது. ஆர்.டி.ஓ. அனுமதி தனி வேலை.

டவுனுக்குள், ஜான்சன் ஸ்கொயருக்கும் வீட்டுக்கும் ஓட்ட மட்டும் என்றால் வாங்கலாம். முதல் நாள் முழு சார்ஜ் போடச் சொல்லிவிட்டு மறுநாள் போங்கள். சீட்டைத் தூக்கி, ஒரு பேட்டரிக்கு மூன்றாக மொத்தம் 24 செல்லிலும், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வையுங்கள். 1.270-க்கு மேல் இருந்தால் நல்லது. செல்லுக்குச் செல் 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பேட்டரி போய்விட்டது. பிறகு ஓர் ஏற்றத்தில் ஓட்டியபடி ஒவ்வொரு பேட்டரியின் வோல்டேஜையும் பக்கத்து ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். 5.25 வோல்ட்டுக்குக் கீழே விழுவதுதான் முதலில் சாகும். ஒன்றை மட்டும் புதிதாகப் போடாதீர்கள். பழையவை முன்னால் காலியாகி வரிசையையே கெடுக்கும். எட்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் பொங்கி ஆசிட் சட்டத்தில் வழியும். டெர்மினலுக்கு அடியில் இரும்பு துருத் தின்றிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையம் போயே தீர வேண்டும் என்றால் இ2ஓ பிளஸ் பி8 தேடுங்கள். 72 வோல்ட், 16 யூனிட் லித்தியம், 30 கிலோவாட் மோட்டார். அதே ஏற்றத்துக்கு எட்டு யூனிட் போதும். இதையும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, சதவீதம் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று குறித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கடைசியாக ஆர்.சி. 2005 வண்டிக்குப் பதினைந்து ஆண்டு 2020-லேயே முடிந்துவிட்டது. பேட்டரி வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை என்று 2021-ல் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. ஆனாலும் வண்டியைக் கொண்டுபோய் எஃப்.சி. காட்டத்தான் வேண்டும். எஸ்டேட்காரர் பெயரில் அதை முடித்துத் தரச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்